டி.பி.யை வீட்டிலிருந்தே விரட்டலாம்! உலகத்துக்கு வழிகாட்டிய சென்னை

உங்கள் வீட்டில் யாருக்காவது இருமல் ஆரம்பித்து இரண்டு வாரம் தாண்டிவிட்டதா? அப்படியானால் இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அவரைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்பி வையுங்கள். படிக்காமலே அனுப்பி வைத்தாலும் சரி, எனக்கு வருத்தமில்லை!

நான் வைத்தியம் பார்க்கிற எரியோடு, வேடசந்தூர் வட்டாரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் நூற்பாலைகள். இருமிக்கொண்டு வருகிறவரிடம், "எத்தனை நாளா இருக்குது?" என்று கேட்டால், "அது கெடக்குதுங்க சார், பஞ்சுத் தூசி. மில்லுக்குப் போற எல்லாருக்கும் இருக்கறதுதான். ஒரு சூரணம் குடுங்க, போதும்" என்பார்.

பஞ்சுத் தூசியால் நெஞ்சு கெடுவது உண்மைதான். வார லீவு முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாள் நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும், மூச்சு வாங்கும். அது தனி வியாதி. ஆனால் சாயந்தரமானால் லேசாக ஜுரம் அடிப்பது, ராத்திரி வேர்த்து ஊற்றுவது, சாப்பாடு இறங்காமல் போவது, சட்டை நாளுக்கு நாள் தொளதொளவென்று ஆவது... இதெல்லாம் பஞ்சு செய்கிற வேலையல்ல. இதைச் செய்வது டி.பி. என்கிற காசநோய்.

சித்த வைத்தியர் எழுதுகிற கட்டுரை என்றதும் ஆடாதோடைக் கஷாயத்தை எதிர்பார்த்திருப்பீர்கள். அதுவும் வரும், கொஞ்சம் பொறுங்கள். முதலில் நான் சொல்ல வருவது வேறு. இந்த ஒரு நோயில் உலகமே சென்னையைப் பார்த்துப் பாடம் படித்தது. அந்தப் பாடம் நம் வீட்டுத் திண்ணைக்கு, நம் அடுப்படிக்கு, நம் மாத்திரை டப்பாவுக்கு உரிய பாடம். ஆனால் நம்மில் பாதிப் பேருக்கு அது தெரியாது.

சந்திரனையே பிடித்த நோய்

நம் முன்னோர்களுக்கு இந்த நோய் நன்றாகவே தெரியும். க்ஷயரோகம், எலும்புருக்கி, இளைப்பு நோய் என்று பல பெயர்கள். தட்சனின் சாபத்தால் சந்திரனுக்கே க்ஷயம் பிடித்து, நாளுக்கு நாள் தேய்ந்தான் என்று புராணம் சொல்லும். சித்த மருத்துவ ஏடுகளைப் புரட்டினால் இருமல், ஜுரம், கோழையில் ரத்தம், உடம்பின் தாதுக்கள் ஒவ்வொன்றாகக் கரைந்துபோவது எல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது போல எழுதியிருக்கும். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த நாளில் அந்த வர்ணனைகளை வாசித்து நான் அசந்துபோனதுண்டு.

வர்ணனை சரி. குணம்? இருமலைத் தணித்தார்கள், சளியை இளக்கினார்கள், உடம்பைத் தேற்றினார்கள். சிலர் பிழைத்தார்கள், பலர் பிழைக்கவில்லை. இது நமக்கு மட்டும் நேர்ந்த குறை என்று நினைக்காதீர்கள். அன்றைய ஐரோப்பாவிலும் இதே கதைதான். 'நல்ல காற்று, நல்ல வெயில், நல்ல சாப்பாடு, பூரண ஓய்வு' - இதற்கு மேல் அங்கேயும் மருந்து கிடையாது. இதற்காகவே ஊருக்கு வெளியே சானடோரியம் கட்டினார்கள். மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நோயாளி அங்கே படுத்திருக்க வேண்டும்.

சென்னை மின்சார ரயிலில் தாம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷன் பெயரே 'தாம்பரம் சானடோரியம்' அல்லவா? 1928-ல் டாக்டர் சவுரி முத்து என்பவர் அங்கே ஆரம்பித்த டி.பி. ஆஸ்பத்திரியால் வந்த பெயர் அது. (அதே சானடோரியம் பகுதியில்தான் 2005-ல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. எங்கள் ஆட்கள் அந்த ஸ்டேஷனில் இறங்கும்போது அதன் பெயர்க் காரணத்தை நினைத்துப் பார்ப்பார்களா, தெரியவில்லை!)

எருப்போட்ட மண்ணிலிருந்து...

1882-ஆம் வருஷம் மார்ச் 24-ஆம் தேதி, ஜெர்மனியின் பெர்லின் நகரத்தில் ராபர்ட் காக் என்ற டாக்டர், காசநோய்க்குக் காரணம் பரம்பரையல்ல, ஒரு கிருமி என்று நிரூபித்துக் காட்டினார். இன்றும் மார்ச் 24-ஐத்தான் உலக காசநோய் நாளாக அனுசரிக்கிறார்கள். எதிரி யாரென்று தெரிந்துவிட்டது. ஆனால் அவனை அடிக்க ஆயுதம் கிடைக்க இன்னும் 60 வருஷம் ஆனது.

ஆயுதம் கிடைத்த இடம் எது தெரியுமா? எருப்போட்ட வயல் மண்! 1943-ல் அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், வாக்ஸ்மன் என்ற பேராசிரியரிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற 23 வயதுப் பையன், கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த லேபரட்டரியில் ராப்பகலாக உட்கார்ந்து, மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து 'ஸ்ட்ரெப்டோமைசின்' மருந்தைப் பிரித்தெடுத்தார். 1952-ல் நோபல் பரிசு வந்தது, வாக்ஸ்மனுக்கு மட்டும். மாணவருக்கு வழக்குப் போட்டுத்தான் பங்கே கிடைத்தது. அது ஒரு தனிக் கதை.

இந்த மருந்தை இங்கிலாந்தில் சோதித்துப் பார்த்தார்கள். 1948-ல் வெளியான அந்த முடிவை நான் என் நோயாளிகளுக்கு அடிக்கடி சொல்வேன். நீங்களும் கவனமாகக் கேளுங்கள். ஊசி மருந்து போட்டவர்கள் 55 பேர். வெறும் படுக்கை ஓய்வில் இருந்தவர்கள் 52 பேர். ஆறு மாதத்தில் மருந்து போட்டவர்களில் 4 பேர்தான் இறந்தார்கள். போடாதவர்களில் 14 பேர். ஆஹா என்று கொண்டாடினார்கள். ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தால்? 55-ல் 32 பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். 52-ல் 35 பேர். கிட்டத்தட்ட ஒன்றுதான்!

ஏன் இப்படி? உங்கள் தோட்டத்தில் கோரை மண்டியிருக்கிறது. மேலே தெரிகிற புல்லை அறுத்துவிட்டால் ஒரு வாரம் காடு சுத்தமாகத் தெரியும். உள்ளே கிழங்கு இருக்கிறதே! மறுபடி அதிலிருந்துதானே முளைக்கும். கிருமிக் கூட்டத்திலும் ஒரு மருந்துக்கு அசையாத முரட்டுக் கிருமிகள் சில எப்போதும் இருக்கும். ஒரே மருந்தைக் கொடுத்தால் சாதுக் கிருமி சாகும், நோயாளி எழுந்து உட்காருவார், பசிக்கும், எடை கூடும். அந்த நேரம் முரட்டுக் கிருமி மட்டும் பெருகி, திரும்பி வந்து அடிக்கும். அப்போது அந்த மருந்து பலிக்காது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் இரண்டு மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒன்றுக்கு அடங்காத கிருமி மற்றொன்றுக்கு அடங்கும். ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி லேமன் கொண்டுவந்த 'பாஸ்' மருந்து சேர்ந்தது. 1952-ல் 'ஐசோனியசிட்' மாத்திரை வந்தது. இதில் ஒரு வேடிக்கை. ஐசோனியசிட்டை 1912-லேயே பிராக் நகரில் இரண்டு ரசாயன ஆராய்ச்சியாளர்கள் தயாரித்துவிட்டார்கள். எதற்கு உதவும் என்று தெரியாமல் 40 வருஷம் அது கிடப்பில் கிடந்தது! அந்த 40 வருஷத்தில் உலகத்தில் எத்தனை பேர் எலும்பும் தோலுமாகச் செத்தார்களோ!

விலை மலிவான மாத்திரை, வாயில் போட்டு விழுங்கலாம், ஊசி வேண்டாம். இங்கேதான் சென்னை உள்ளே வருகிறது.

சேத்துப்பட்டில் நடந்த சோதனை

அன்றைக்கு இந்தியாவில் டி.பி. நோயாளிகள் லட்சக்கணக்கில். ஆஸ்பத்திரிப் படுக்கைகளோ ஆயிரக்கணக்கில். எல்லாருக்கும் படுக்கை கட்டி முடிக்க நூறு வருஷம் ஆகும். அதுவரை நோயாளி என்ன செய்வார்?

1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி மையம் ஆரம்பமானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து நடத்திய மையம். முதல் டைரக்டர் இங்கிலாந்து டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ். அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி ரொம்ப எளிமையானது. 'ஒரே மாத்திரையைச் சானடோரியத்தில் சாப்பிட்டால் ஒரு பலன், வீட்டில் சாப்பிட்டால் வேறு பலன் என்று உண்டா?'

சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள். சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி பாதிப் பேரைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மீதிப் பேர் அவரவர் வீட்டில். இரண்டு தரப்புக்கும் ஒரே மருந்து, ஐசோனியசிட்டும் பாஸும், ஒரு வருஷம்.

சானடோரியத்தில் இருந்தவருக்குச் சத்தான சாப்பாடு, ஓய்வு, காற்றோட்டம், நர்ஸ். வீட்டில் இருந்தவருக்கு? ஒரே அறையில் ஏழெட்டுப் பேர். அடுப்புப் புகை. அரை வயிற்றுச் சாப்பாடு. வேலைக்கும் போயாக வேண்டும். நீங்கள் பந்தயம் கட்டுவதாக இருந்தால் எந்தப் பக்கம் கட்டுவீர்கள்? நானாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சானடோரியத்தின் பக்கம்தான் கட்டியிருப்பேன். ஓய்வும் ஆகாரமும் பாதி மருந்து என்று படித்தவனாயிற்றே!

1959-ல் முடிவு வந்தது. ஒரு வருஷ முடிவில் கிருமி அடங்கிப்போனவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர், வீட்டில் 86 பேர். பெரிய வித்தியாசமில்லை. ஐந்து வருஷம் பின்தொடர்ந்து பார்த்தபோது அந்தச் சின்ன வித்தியாசமும் மறைந்துவிட்டது. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சதை போட்டார்கள், வீட்டில் இருந்தவர்கள் அவ்வளவு போடவில்லை. ஆனால் நோய் இரண்டு பேருக்கும் போயிற்று.

இதைவிட ஆச்சரியம் இன்னொன்று. 'நோயாளியை வீட்டிலேயே வைத்தால் பெண்டாட்டி பிள்ளைக்கெல்லாம் ஒட்டிக்கொள்ளுமே?' என்றுதான் எல்லாரும் பயந்தார்கள். வீட்டாரையும் ஐந்து வருஷம் கவனித்தார்கள். நோயாளியைச் சானடோரியத்துக்கு அனுப்பிய குடும்பங்களைவிட, வீட்டிலேயே வைத்திருந்த குடும்பங்களில் நோய் அதிகமாகப் பரவவில்லை! காரணத்தை யோசித்துப் பாருங்கள். சரியான மருந்து உள்ளே போக ஆரம்பித்தால் சில வாரங்களிலேயே பரப்பும் சக்தி வெகுவாகக் குறைந்துவிடுகிறது. வீட்டாருக்கு ஒட்டியது முக்கால்வாசி அதற்கு முன்னாலேயே, 'பஞ்சுத் தூசி, புகை, சூடு' என்று காரணம் சொல்லிக்கொண்டு இருமின மாதங்களில்தான்.

இந்த முடிவு வந்த பிறகு உலகமெங்கும் சானடோரியங்களின் காலம் முடிய ஆரம்பித்தது. பணக்கார நாடுகளும் சேர்த்துத்தான்! சென்னைக் குடிசைகளில் வாழ்ந்த, பெயர் தெரியாத அந்த மனிதர்கள் உலகத்துக்குச் செய்த உபகாரம் இது. சேத்துப்பட்டு மையம் இன்று 'தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்' என்ற பெயரில் அதே சேத்துப்பட்டில் இருக்கிறது.

விழுங்கினாரா, வீசினாரா?

சேத்துப்பட்டு டாக்டர்கள் இன்னொன்றையும் கண்டுபிடித்தார்கள். அது மனுஷ சுபாவம்.

அந்த 'பாஸ்' மருந்தைத் தினமும் பெரிய பெரிய வில்லைகளாக ஏகப்பட்டது விழுங்க வேண்டும். வயிற்றைப் புரட்டும். உடம்பு தேறியதும் ஆட்கள் சத்தமில்லாமல் நிறுத்திவிடுவார்கள். கேட்டால் "கரெக்டா சாப்பிடறேன் சார்" என்பார்கள். அதனால் சுகாதாரப் பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரையை எண்ணிப் பார்த்தார்கள். சிறுநீரைப் பிடித்துச் சோதித்தார்கள். குட்டு வெளிப்பட்டது. இதில் ஏழை, பணக்காரர், படித்தவர், படிக்காதவர் என்ற பேதமே இல்லை. காய்ச்சல் மாத்திரையை மூன்றாம் நாளே நிறுத்துகிற உங்களையும் என்னையும் போலத்தான் எல்லாரும்.

அதிலிருந்துதான், வாரத்துக்கு இரண்டு தடவை நோயாளியை வரவழைத்து, கண்ணெதிரே மருந்தைக் கொடுத்துப் பார்க்கிற முறையைச் சென்னையில் சோதித்தார்கள். 1964-ல் முடிவு வெளியானது. பின்னாளில் 'டாட்ஸ்' என்று உலகமெல்லாம் போன திட்டத்துக்கு இதுவும் ஒரு விதை. 1997-லிருந்து இந்தியாவில் டாட்ஸ் பரவியது. இப்போது தினசரி மாத்திரை. நான்கு மருந்தை ஒரே வில்லையில் அடக்கிக் கொடுக்கிறார்கள். முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, அடுத்த நாலு மாதம் மூன்று மருந்து. சாதாரண டி.பி.க்கு மொத்தம் ஆறே மாதம். இவ்வளவு சுருங்கியதற்குப் பெரிய காரணம் 'ரிஃபாம்பிசின்'. இதுவும் மண் தந்த மருந்துதான், பிரான்ஸ் நாட்டுக் கடலோர ஊர் ஒன்றின் மண்.

ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். கண்ணீர், வேர்வைகூட நிறம் மாறலாம். இதை முன்கூட்டியே யாரும் சொல்லாததால், 'ரத்தம் போகுது' என்று பயந்து மருந்தை நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பயமே வேண்டாம். மருந்து உள்ளே போய்விட்டது என்பதற்கு அது அடையாளம், அவ்வளவுதான்.

பாதியில் விட்டால் என்ன ஆகும்? கோரைக் கிழங்கு கதைதான். மாத்திரைக்கு அடங்காத டி.பி. வந்துவிட்டால் முன்பெல்லாம் ஒன்றரை, இரண்டு வருஷம் வரை மருந்து. அதில் பல மாதம் ஊசி. அந்த ஊசியால் காது கேட்காமல் போனவர்கள் உண்டு. இப்போது பெடாக்விலின் போன்ற புது மருந்துகள் சேர்ந்த ஆறு மாதச் சிகிச்சைக்கு 2024-ல் இந்தியாவில் அனுமதி கிடைத்திருக்கிறது. நல்ல செய்தி. ஆனால் அந்தப் புது மருந்தையும் பாதியில் விட்டால்? அதற்கு அடுத்த மருந்தை எந்த மண்ணில் போய்த் தோண்டுவது?

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2023-ல் இந்தியாவில் புதிதாக டி.பி. வந்தவர்கள் ஏறக்குறைய 28 லட்சம் பேர். இறந்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். மருந்து கண்டுபிடித்து எண்பது வருஷம் ஆன நோய்க்கு இந்தக் கணக்கு!

தடுப்பூசி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, பி.சி.ஜி. குழந்தை பிறந்ததும் கையில் போடுவது. 1948-ல் சென்னை கிண்டியில் இதைத் தயாரிக்கும் லேபரட்டரியே அமைந்தது. 1955-ல் ராஜாஜி இதை எதிர்த்துப் புத்தகமே போட்டார். 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் லட்சக்கணக்கான மக்களிடம் பெரிய அளவில் சோதனை நடந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டி.பி.யை இந்த ஊசி தடுக்கவில்லை என்பது முடிவு. ஆனாலும் பச்சைக் குழந்தைக்கு மூளைக் காய்ச்சலாக வருகிற கொடிய டி.பி.யிலிருந்து இது காப்பாற்றுகிறது. அதனால் குழந்தைக்கு மறக்காமல் போடுங்கள். அதே சமயம் 'எனக்குச் சின்ன வயசுலயே ஊசி போட்டாச்சு, டி.பி. வராது' என்று இருந்துவிடாதீர்கள்.

அப்போ சாப்பாடு முக்கியமில்லையா?

வீட்டுச் சாப்பாடு குறைவாக இருந்தும் நோய் குணமானது என்று சொன்னேன் அல்லவா? அதை வைத்துக்கொண்டு 'சத்துணவே வேண்டாம்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கிருமியைக் கொல்வது மருந்து. ஆனால் கிருமி யாரிடம் தலைதூக்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வயிறு.

இதையும் ஒரு பெரிய சோதனையில் காட்டினார்கள். 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்ட் மாநிலத்தில். சேத்துப்பட்டு நிறுவனத்துக்கும் அதில் பங்குண்டு. 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டில் இருந்த 10,345 பேர். பாதிக் குடும்பங்களில் நோயாளிக்கு மட்டும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். மீதிக் குடும்பங்களில் வீட்டில் இருந்த அத்தனை பேருக்கும் கொடுத்தார்கள். பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, கூடவே சத்து மாத்திரை. இவ்வளவுதான்! வீடு முழுக்கச் சாப்பிட்ட குடும்பங்களில் புதிதாக டி.பி. வருவது நூற்றுக்கு 39 குறைந்தது. மற்றவருக்குப் பரப்பக்கூடிய நுரையீரல் டி.பி. கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தது. 2023-ல் வெளியான முடிவு இது. ரேஷன் அரிசியும் பருப்பும் ஒரு தடுப்பூசி மாதிரி வேலை செய்திருக்கிறது பாருங்கள்!

நம் ஊரில் என்ன செய்கிறோம்? இருமல் என்றதும் பத்தியம். தயிர் கூடாது, வாழைப்பழம் கூடாது, முட்டை சூடு, நிலக்கடலை பித்தம்... எலும்புருக்கி வந்து உருகுகிற உடம்புக்கு ரசம் சோறு! இந்தப் பத்தியத்தைச் சித்த வைத்தியத்தின் பேரைச் சொல்லித்தான் செய்கிறார்கள் என்பது எனக்கு ரொம்பவே வருத்தம். உடம்பைத் தேற்றுவதற்குத்தான் பத்தியமே தவிர வாட்டுவதற்கல்ல. டி.பி. நோயாளி முட்டை சாப்பிடலாம், தயிர் சாப்பிடலாம், வாழைப்பழம் சாப்பிடலாம். உளுந்தங்களி, கேழ்வரகுக் கூழ், கொண்டைக்கடலை, நிலக்கடலை, அசைவம் சாப்பிடுகிறவர் என்றால் மீன், கறி. முருங்கைக்கீரைக்கு எங்கள் பக்கம் பஞ்சமே கிடையாது. தோட்டத்தில் உதிர்ந்து வீணாகப் போகிறது.

சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மத்திய அரசு பணமும் தருகிறது. 2018-ல் மாதம் 500 ரூபாய் என்று ஆரம்பித்து, 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய். நோயாளியின் வங்கிக் கணக்குக்கே நேராக வரும். வரவில்லையென்றால் கூச்சப்படாமல் கேளுங்கள், அது உங்கள் பணம்.

சுருட்டு, பீடி பிடிக்கிறவர்களுக்கும், சர்க்கரை உள்ளவர்களுக்கும், கல் குவாரி, கிரஷரில் கல்தூசியைச் சுவாசிக்கிறவர்களுக்கும் டி.பி. வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். சுருட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்காரர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி, ஆடாதோடை

என்னிடம் வருகிறவரிடம் நான் செய்வது இதுதான். இரண்டு வாரம் தாண்டின இருமலா? முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவேன். அல்லது திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்கு. காலையில் பல் தேய்ப்பதற்கு முன், வாயை வெறும் தண்ணீரில் கொப்புளித்துவிட்டு, ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து காறி எடுத்த கோழை வேண்டும். எச்சில் உதவாது. டப்பாவை அவர்களே கொடுப்பார்கள். கிருமி இருக்கிறதா, அது மருந்துக்கு அடங்குகிற ஜாதியா என்பதைச் சில மணி நேரத்தில் சொல்லிவிடுகிற மிஷின்கள் வந்துவிட்டன. எல்லாம் இலவசம்.

டி.பி. என்று முடிவானால் மாத்திரை அங்கேதான். என் மருந்தை நம்பி அதை நிறுத்த நான் யாரையும் விடமாட்டேன். இதைப் படித்துவிட்டு எங்கள் துறை நண்பர்கள் சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும். டி.பி. கிருமியை ஒழித்துக்கட்டும் என்று நிரூபணமான சித்த மருந்து இன்றைக்கு என் கையில் இல்லை. இல்லாததை இருக்கிறது என்று சொல்லி ஒரு குடும்பத் தலைவனின் ஆறு மாதத்தை நான் தின்னக்கூடாது.

ஆடாதோடையின் பெருமை இதனால் குறைந்துவிடாது. சளியை இளக்கி வெளியே தள்ளுவதில் அது கெட்டிக்காரி. உங்கள் வீட்டு இருமல் சிரப் பாட்டிலில் 'ப்ரோம்ஹெக்ஸின்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஆடாதோடையில் இருக்கும் வாசிசின் என்ற பொருளை மாதிரியாக வைத்து உருவாக்கிய மருந்துதான் அது. சளியை இளக்குவது வேறு, கிருமியைக் கொல்வது வேறு, அவ்வளவே நான் சொல்வது.

இன்னொரு எச்சரிக்கை. டி.பி. மாத்திரைகளில் மூன்று, கல்லீரலுக்குக் கொஞ்சம் பாரமானவை. அந்த ஆறு மாதத்தில் நீங்களாக பற்பம், செந்தூரம், பெயர் தெரியாத லேகியம் எதையும் சேர்க்காதீர்கள். என்ன சாப்பிட்டாலும் மாத்திரை கொடுக்கிற டாக்டருக்குத் தெரியட்டும். சாராயம், பிராந்தி அறவே கூடாது. கண் மஞ்சளாவது, ஓயாத வாந்தி, பார்வை மங்குவது, நிறம் பிரித்துப் பார்ப்பதில் தடுமாற்றம், கை கால் எரிச்சல் - இதில் எது வந்தாலும் அன்றைக்கே போய்க் காட்டுங்கள். கர்ப்பத் தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள் கவனிக்க: ரிஃபாம்பிசின் அதன் வேலையைக் குறைத்துவிடும். வேறு முறையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லாரும் வீட்டில் இருந்தால் போதுமா என்றால், இல்லை. நோய் முற்றி, உடம்பு மிகவும் இளைத்து, மூச்சுத் திணறி, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடியாதவருக்குப் படுக்கை வேண்டும். 2022-ல் தமிழக அரசு தொடங்கிய 'காசநோய் இறப்பில்லா திட்டம்' இதற்காகத்தான். நோய் தெரிந்ததுமே எடை, மூச்சு, நிற்கும் சக்தி மூன்றையும் பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள்.

வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர் தேவையில்லை. டி.பி. பரவுவது காற்றில், பாத்திரத்தில் அல்ல. முதல் சில வாரம் வாயை மூடிக்கொண்டு இருமட்டும், முகக்கவசம் போடட்டும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். தாய்க்கு நோய் என்றாலும் முகக்கவசம் போட்டுக்கொண்டு குழந்தைக்குப் பால் கொடுக்கலாம். கூட இருப்பவர்கள் அத்தனை பேரும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நோய் இல்லையென்றால் தடுப்பு மாத்திரை தருவார்கள். சின்னக் குழந்தை இருந்தால் நாள் கடத்தவே வேண்டாம்.

கடைசியாக ஒன்று. எங்கள் பக்கத்தில் மாத்திரை நின்றுபோவதற்குப் பெரிய காரணம் குமட்டலும் இல்லை, மறதியும் இல்லை. கல்யாணம்! மில்லுக்குப் போகிற பெண்ணுக்கு நோய் வரும். நாலாவது மாதம் நன்றாகத் தேறியிருப்பாள். நிச்சயம் ஆகும். தாயார் வந்து குரலைத் தாழ்த்தி, "மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா போச்சுங்க. இனி நிறுத்திறலாமா சார்? நீங்க ஏதாச்சும் லேகியம் குடுத்துருங்க" என்பார்கள்.

நான் சொல்வது இதுதான். கல்யாணத்தைத் தாராளமாக வையுங்கள், ஆனால் இரண்டு மாதம் தள்ளி வையுங்கள். தள்ள முடியவில்லையா? மாப்பிள்ளையிடம் நேராகச் சொல்லுங்கள். மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டு, மறு பரிசோதனையில் சளி சுத்தமாகிவிட்ட பெண்ணால் அவருக்கு ஒட்டுமோ என்ற பயம் வேண்டாம். குழந்தை பிறப்பதற்கும் முன்னமே டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும். மாப்பிள்ளை ஊர் கரூரோ திருப்பூரோ எதுவானாலும், இங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் பதிவை அந்த ஊருக்கு மாற்றிவிடுவார்கள். ஐந்தாவது மாத மாத்திரையை அவள் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.